ஆறு வாரக் கோதுமை

உக்காருங்க, பைய நான் மடியில வச்சுக்கிறேன். எம் மக ரத்தம் எடுக்க உள்ள போயிருக்கா, வர நேரமாகும். இங்க எல்லாமே நிதானமாத்தான் நடக்குது. அருப்புக்கோட்டையில இருந்து முதல் பஸ்ஸுல வந்தோம், இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கல. நீங்க எந்தூரு? திருமங்கலமா, பக்கந்தான். உங்களுக்கா, வீட்டுக்காரருக்கா? அல்சரா. அல்சருன்னு சொன்னா நாலு பேருக்குப் புரியும். எங்க கத அப்படி இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க.

கோதுமை ஆகாதாம். சீலியாக்குன்னு பேராம். சப்பாத்தி, பூரி, புரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட்டு, எதுவும் ஆகாதாம். உள்ள போனா குடலே கெட்டுப்போயிருமாம். அது இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் வந்திருக்கோம். இருக்குன்னு நான் சொல்லல, அவ சொல்றா.

நீங்களே சொல்லுங்க. சக்கர வந்தவங்க எல்லாம் ராத்திரிக்குச் சோத்த விட்டுட்டுச் சப்பாத்திதான திங்கிறாங்க? நானும் அதான். உடம்புக்கு முடியலன்னா பிரட்டும் ரஸ்க்கும்தான கொடுக்கிறோம்? ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பாக்கப் போனா பிரட்டு பாக்கெட்டுதான வாங்கிட்டுப் போறோம்? ஊருக்கே மருந்தா இருக்கிறது எம் மகளுக்கு மட்டும் விஷமாம். என்னத்தச் சொல்றது.

ஒரே மக. சிவரஞ்சனின்னு பேரு. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருக்கா. விருதுநகர்லதான் கட்டிக் கொடுத்திருக்கோம். மாப்பிள்ளைக்கு மோட்டார் ரிப்பேர் பட்டறை. குறை சொல்ல முடியாது, நல்ல மனுசன். சம்பந்தியம்மாவப் பத்தி அப்புறம் சொல்றேன்.

சின்னதுல இருந்தே அவ சாப்பாட்டுல ஒரு மாதிரிதான். சப்பாத்தின்னா மூஞ்சியச் சுழிப்பா. வயித்த வலிக்குதும்மாம்பா. பள்ளிக்கூடம் போகாம இருக்கிறதுக்கு இந்தப் பிள்ளைக சொல்லாத வயித்துவலியா? நான் விட மாட்டேன். பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வாயா ஊட்டி விட்டுத்தான் அனுப்புவேன். மெலிஞ்ச உடம்பு, கோதுமை தின்னாத்தான் தெம்புன்னு அந்தக் காலத்துல டாக்டரே சொன்னாரு. அப்படிப் பாத்துப் பாத்து வளத்தேன்.

கல்யாணம் ஆகி மூணு வருஷத்துல ரெண்டு தடவ உண்டானா. ரெண்டும் தங்கல. உடம்புல ரத்தம் இல்லம்பாங்க, மாத்திரை எழுதுவாங்க. மாதுளம்பழம், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைன்னு நான் கொடுக்காதது இல்ல. ரத்தம் மட்டும் ஏறவே இல்ல. ரெண்டாவது தடவ ஆஸ்பத்திரியில அவ செவுத்தப் பாத்துப் படுத்திருந்தா. ஒரு சொட்டு கண்ணீர் விடல. அதப் பாத்துட்டு வந்த அன்னைக்குத்தான் அவ சஷ்டி விரதம் எடுக்கணும்னு நான் முடிவு பண்ணேன்.

பிள்ளைக்குச் சஷ்டிதான. எங்க பக்கத்துல எல்லாரும் இருக்கிறதுதான். நான் அவளுக்கு நல்லா எடுத்துச் சொன்னேன். மாசாமாசம் சஷ்டிக்கு இருக்கணும், கிருத்திகைக்கு இருக்கணும். பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் விளக்கேத்திக் கும்பிட்டுட்டு ஒருவேளை பலகாரம். சோறு தொடக் கூடாது, அரிசி போட்டதுன்னு இட்லி தோசையும் கூடாது. கோதுமை ரவையில உப்புமா, இல்லன்னா சப்பாத்தி, இல்லன்னா சேமியா. நான் எப்படி இருந்தேனோ அதே மாதிரி. எனக்கும் அவ லேசுல பொறக்கல, தெரியுமா. ஏழு வருஷம் சஷ்டிக்கு இருந்துதான் பொறந்தா.

அவளும் இருந்தா. மாட்டேன்னு சொல்லல. ஆனா விரதத்துக்கு மறுநாள் பாத்தீங்கன்னா படுத்துக்கிருவா. வயிறு பொம்முன்னு ஊதிக்கிரும், வயித்தால போகும், வாயெல்லாம் புண்ணு. நான் சொன்னேன், பட்டினி கிடந்து பழக்கம் இல்லாத உடம்பு, போகப் போகச் சரியாயிரும், சாமி சோதிக்கத்தான் செய்யும்னு. ஐப்பசியில கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கச் சொன்னேன். இருந்தா. சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் அவளைத் தூக்கிட்டுப் போய்க் குளுக்கோஸ் ஏத்துனாங்க. நான் பாக்கப் போனேன். பிரட்டும் ரஸ்க்கும் வாங்கிட்டுத்தான் போனேன். வெறுங்கையோடவா போக முடியும்?

அங்க இருந்துதான் இந்த வினையே ஆரம்பிச்சது. அவ பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு நாள் அவளக் கூப்பிட்டு, மாசாமாசம் சஷ்டிக்கு மறுநாள் உனக்கு எப்படிம்மா கரெக்டா உடம்பு சரியில்லாமப் போகுதுன்னு கேட்டிருக்காக. கிண்டலாத்தான் கேட்டிருக்காக. இவ கணக்கு டீச்சராச்சே, உக்காந்து யோசிச்சுட்டா. போன்ல வேற தேடித் தேடிப் படிச்சிருக்கா. என்கிட்ட வந்து, அம்மா, எனக்குப் பட்டினி பிரச்சின இல்ல, சாயங்காலம் திங்கிறதுதான் பிரச்சினங்கிறா. எனக்கு எப்படி இருக்கும்? சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்கிற மாதிரி இல்ல?

சரி, கேக்கணும்னா டாக்டர்கிட்ட கேளுன்னு எங்க ஊர் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். இவ போய் உக்காந்ததும், டாக்டர், எனக்குச் சீலியாக்குக்கு ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுங்கன்னு கேட்டா. அவரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. அதெல்லாம் கோதுமை திங்கிற வடநாட்டுக்காரங்களுக்கு வர்றதும்மா, நாம அரிசி திங்கிறவங்க, நமக்கு எங்க இருந்து வருதுன்னாரு. இவ விடல. எங்கம்மா வீட்ல வாரத்துல பாதி நாள் கோதுமைதான் டாக்டர், ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்தா என்னங்கிறா. அவருக்கு மூஞ்சி சிவந்துருச்சு. போனப் பாத்து நீங்களே முடிவு பண்ணிட்டா அப்புறம் நான் எதுக்குன்னு கேட்டாரு.

நான் பதறிப் போயிட்டேன். எங்க குடும்பத்துக்கே அவருதான் பாக்குறாரு. சின்னப்பிள்ள, தெரியாமக் கேட்டுட்டா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க டாக்டர், சத்துக்கு எதாவது எழுதிக் கொடுங்கன்னேன். அவரும் எழுதிக் கொடுத்தாரு. வெளிய வந்ததும் அவ எனக்கு முன்னால நடந்துட்டா. ஆட்டோவுல ஏறி, பஸ் ஸ்டாண்டுல இறங்கி, விருதுநகர் பஸ்ல ஏறுற வரைக்கும் எம் பக்கம் திரும்பிப் பாக்கல. அந்த மாதிரி ஒரு பிடிவாதம். அவ அப்பா மாதிரி.

பெறகு கொஞ்ச நாள் போக்குவரத்து இல்ல. போன்ல நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். தை மாசம் என் தம்பி மக வளைகாப்புக்கு வந்தா. பாத்தா எனக்கு அடையாளமே தெரியல. கன்னம் வச்சு, மூஞ்சியில ஒரு தெளிச்சி. பாதியாப் போன முடி கொட்டுறது நின்னு, பின்னிப் பூ வச்சிருக்கா. தனியாக் கூட்டிட்டுப் போய், உண்டாயிருக்கியாடின்னு கேட்டேன். இல்லம்மா, கோதுமைய விட்டுட்டேன், அவ்வளவுதாங்கிறா.

அப்ப சஷ்டின்னு கேட்டேன். அதையும் விட்டுட்டேன்னா.

சம்பந்தியம்மா எப்படி விட்டாகன்னு கேட்டேன். அவுக கதையக் கேளுங்க. அவுகளுக்கு விரதம் கிரதம் ஒண்ணும் பெருசாக் கிடையாது, வெள்ளிக்கிழமையே கறி எடுக்கிற ஆளு. இவ சொன்னதும், அது ஆகலன்னா விட்டுத்தள்ளு தாயி, சாமிக்கு வாழப்பழம் வச்சுக் கும்பிட்டு நீயும் ரெண்டு பழத்தத் தின்னு, முருகன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டான்னுட்டாகளாம். அதோட நின்னாகளா? கோதுமை மாவு டப்பாவத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டாகளாம். இவளுக்குன்னு தனித் தோசைக்கல்லு. பெருங்காயத்துல கூட மைதா கலக்குறான்னு யாரோ சொன்னாகன்னு கட்டிப் பெருங்காயத்த நிப்பாட்டிட்டாகளாம். மூணு வேளையும் அரிசி, கம்பு, கேப்பை. மாப்பிள்ளைக்கும் அதேதான். பெருங்காயம் இல்லாத சாம்பார யாராவது திம்பாங்களா? எல்லாம் நடிப்புங்க. பெத்தவளவிட நான் ஒசத்தின்னு காட்டுறதுக்கு.

எனக்குப் பயம் வந்துருச்சு. இப்ப இப்படித் தாங்குவாக. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, பிள்ளையும் பெக்கல, விரதத்தையும் விட்டுட்டா, இல்லாத வியாதியச் சொல்லித் தனிச் சமையல் பண்ண வச்சுட்டான்னுதான சொல்லுவாக? ஊரு வாய யாரு மூடுறது? அதனாலதான் சொன்னேன், டாக்டர் பாத்து இன்ன வியாதின்னு பேப்பர்ல எழுதிக் கொடுக்கட்டும், நான் வாயத் தொறக்கல. இல்லன்னா மறுபடியும் சஷ்டிக்கு இருக்கணும்னேன். அவ நல்லதுக்குத்தான சொன்னேன்? சரிம்மா, எடுத்துருவோம்னா.

அப்படித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது. இங்க இருக்கிற டாக்டரம்மா தங்கமான ஆளு. வயசு கம்மிதான், ஆனா பொறுமை. இவ சொன்னத எல்லாம் கேட்டுட்டு, இது நம்ம பக்கத்துலயும் இருக்குங்க, பாக்காததுனால தெரியுறதில்லன்னாக. எனக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சு. ஆனா ஒரு சிக்கல்னாக. இவதான் கோதுமைய விட்டு மாசக்கணக்கா ஆயிருச்சே, இப்ப ரத்தம் எடுத்தா ஒண்ணும் தெரியாதாம். மறுபடியும் ஆறு வாரம் தெனமும் தின்னுட்டு வந்தாத்தான் டெஸ்ட்டுல காட்டுமாம். உடம்பு படுத்தும், நல்லா யோசிச்சுட்டுச் செய்யுங்க, விட்டதுனாலயே நல்லா இருக்கீங்கன்னா அப்படியே விட்டும் இருக்கலாம், டெஸ்ட் உங்க இஷ்டந்தான்னாக.

இவ என்னப் பாத்தா. நான் வேற எங்கயோ பாத்தேன். செவுத்துல குடல் படம் ஒண்ணு மாட்டியிருந்தாங்க, அதப் பாத்தேன். எடுத்துருவோம் டாக்டர்னு சொல்லிட்டா.

சம்பந்தியம்மா ஒத்துக்கிரல. நல்லா இருக்கிற பிள்ளைக்கு நானே விஷத்த ஊத்திக் கொடுக்கவா, எங்க வீட்டுக்குள்ள அது வராதுன்னுட்டாக. சரின்னு பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நான் எங்க வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன். நாந்தான் செஞ்சு கொடுத்தேன். நல்ல கோதுமையா வாங்கி, கழுவிக் காயவச்சு, மில்லுல நின்னு அரச்சு, நெய் தடவிப் பூப்பூவாச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தேன். கடை மாவு கூடக் கொடுக்கல.

முதல் வாரம் ஒண்ணும் தெரியல. பாத்தியாடி, ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதாண்டின்னு சொன்னேன். பெறகு ஆரம்பிச்சுருச்சு. வயிறு ஊதி, ராவும் பகலும் போறதும் வர்றதுமா, வாயில தண்ணி பட்டாக் கூட எரியுதும்மாம்பா. வளைகாப்புல பாத்த அந்தக் கன்னம் போன இடம் தெரியல. தலைமுடி சீப்போட வருது. ஆனா ஒரு நாள் வேண்டாம்னு சொல்லலங்க. தட்டக் கொண்டு போய் வச்சா, எந்திரிச்சு உக்காந்து, மருந்து முழுங்குற மாதிரி பிச்சுப் பிச்சு முழுங்குவா. முழுங்கிட்டுத் தட்டக் கழுவி வச்சுட்டுப் படுத்துக்கிருவா.

ஒரு நாள் முடியாம வாந்தி எடுத்துட்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெறும் வயித்தோட கிடக்காளேன்னு ஓடிப் போய்ப் பால்ல பிரட்டு நனச்சுக் கொண்டாந்து கொடுத்தேன். அவ அதப் பாத்துட்டுச் சிரிச்சா. என்னடி சிரிக்கிறங்கிறேன், ஒண்ணும் இல்லம்மாங்கிறா. சிரிச்சுட்டு அதையும் தின்னா. மாஞ்சு மாஞ்சு செய்றவளப் பாத்துச் சிரிச்சா மனசு கஷ்டப்படாதா?

சம்பந்தியம்மா ஒரு தடவ மாப்பிள்ளையோட நேர்லயே வந்துட்டாக. போதும், பிள்ளைய அனுப்புங்கன்னு வாசல்லயே நின்னு சொன்னாக. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல. இவதான், இன்னும் ரெண்டு வாரந்தான் அத்தை, முடிச்சுட்டு வந்துர்றேன்னு சொல்லி அனுப்பி வச்சா. போகும்போது அந்தம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே. நான் என்னமோ கொலகாரி மாதிரி.

எனக்கும் அலுத்துப் போச்சுங்க. சமைக்கிறதும், அவ படுறதப் பாக்குறதும், மறுபடி சமைக்கிறதும். எனக்கு மட்டும் உடம்பு இரும்பா? எனக்குந்தான் ராத்திரி தின்னா வயிறு கும்முன்னு ஆயிரும். எனக்குந்தான் வாய்ப்புண்ணு ஆற மாட்டேங்குது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரத்தம் இல்ல, ரத்தம் இல்லன்னு மாத்திரை தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் டெஸ்ட் எடுக்கணும்னு நின்னேனா? இன்னைக்கு டாக்டரம்மா கேட்டாக, குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா, இது ரத்த சொந்தத்துல வரும்னு. யாருக்கும் கிடையாது டாக்டர்னு சொன்னேன். இவ திரும்பி என்னப் பாத்தா. நான் உண்மையத்தான சொன்னேன்?

சொல்ல வந்தது அது இல்ல. இப்ப நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால நடந்தது. இந்த இடத்துலதான் உக்காந்திருந்தோம். எந்தோள்ல சாஞ்சுக்கிட்டு இருந்தா. காச்ச அடிச்ச மாதிரி உடம்பு சுடுது. நான் சும்மா இருக்க மாட்டாம, இன்னைக்கு எடுத்துருவாங்க, இனி உன் மாமியார் வீட்ல ஒரு பய ஒரு வார்த்த சொல்ல முடியாதுன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

அவ சாஞ்சமேனிக்கே சொன்னா. "அவங்களுக்குப் பேப்பர் வேண்டாம்மா. எங்க வீட்ல நான் சொன்ன அன்னைக்கே எல்லாரும் நம்பிட்டாங்க. இந்த ஆறு வாரமும் நான் உனக்காகத்தான் தின்னேன்."

எங்க வீடுங்கிறா, கேட்டீங்களா. அது எங்க வீடு, இது அம்மா வீடு. ஏழு வருஷம் தவம் இருந்து பெத்தது.

எனக்கு அழுகை வந்துருச்சு. ஆத்திரமும் வந்துச்சு. நான் என்னடி பாவம் பண்ணேன், உன் நல்லதுக்குத்தானன்னு கேட்டேன். அவ எந்திரிச்சு உக்காந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. சண்ட போடுற மாதிரி இல்லங்க, அதான் எனக்குத் தாங்கல. மெதுவாத்தான் சொன்னா.

"ரத்தத்துல இருந்துச்சுன்னா அடுத்து வாய் வழியாக் குழா விட்டுக் குடலப் பாப்பாங்களாம். அது முடியுற வரைக்கும் இன்னும் கொஞ்ச நாள் இதையே திங்கணுமாம். என்னால முடியலம்மா. உன்ன நம்புறேண்டின்னு ஒரு வார்த்த சொல்லு. இப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவோம்."

ஒரு வார்த்ததான். பெத்த பிள்ள கேக்குறா. நான் வாயத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேன். வரலங்க. சொல்லிட்டா அப்புறம் என்ன ஆகும்னு என்னமோ ஒரு பயம். அவ சின்னப்பிள்ளையில பாவாடையோட நின்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டு அழுதது கண்ணு முன்னால வந்துச்சு. எதுக்கு அது அந்நேரம் வந்துச்சுன்னு தெரியல. பதில் சொல்றதுக்குள்ள நர்சு வந்து சிவரஞ்சனி யாருன்னு கேட்டுருச்சு. அவ ஒரு நிமிஷம் நின்னா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் கையை விட்டுட்டுப் போயிட்டா.

நீங்களும் பிள்ள பெத்தவங்கதான, சொல்லுங்க. சாமி இருக்குன்னு நம்பலாம், விரதம் இருந்தாப் பிள்ள வரும்னு நம்பலாம். இது வியாதிங்க. ஒரு பேப்பர் கூட இல்லாம எப்படிங்க நம்புறது?

இல்ல, இப்ப உள்ள போய்ச் சொல்லிரட்டுமா? வேண்டாண்டி, வந்துரு, நான் நம்புறேன்னு? எந்திரிச்சாப் போதும், நாலு எட்டுதான் இருக்கு. ஆனா இந்நேரம் ஊசி குத்தியிருப்பாங்க. குத்துன பெறகு சொன்னா அவ நம்புவாளா?